உதிர்ந்த தக்கை

மாலை ஏழு மணி. பல் டாக்டர் தன் அறுபதாவது பிறந்தநாளின் முதல் மடக்கைக் குடித்தார். குடித்த வேகத்தில் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"இது ஸ்காட்ச் இல்ல."

கூடத்தில் நான்கு பேர் இருந்தார்கள். டாக்டர், அவர் மனைவி, பள்ளிக்கூட நாளிலிருந்து அவருக்கு உயிர் நண்பரான எஞ்சினியர், போலீஸ் இன்ஸ்பெக்டராக இருக்கும் டாக்டரின் தங்கை. இன்ஸ்பெக்டர் குடிக்கமாட்டார். ஜூஸை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

எஞ்சினியர் தன் டம்ளரை முகர்ந்தார். "உள்ளூர் பிராந்திடா. கலர் மட்டும்தான் ஸ்காட்ச்."

டாக்டரின் முகத்தில் ஈயாடவில்லை. இந்த ஒரு பாட்டிலுக்காக அவர் இரண்டு வருஷம் நாக்கைக் கட்டிப்போட்டிருந்தார். நண்பர்கள் இருவரும் வெளிநாடு போய்த் திரும்பும்போது விமான நிலையத்தில் ஆளுக்கு ஒன்று வாங்கினார்கள். இருபத்தைந்து வருஷம் பீப்பாயில் கிடந்த சரக்கு. ஒன்றுக்கு மேல் கொண்டுவர அனுமதி இல்லை. உள்ளூர்க் கடையில் வாங்கலாம் என்றால் பர்மிட் அட்டை வேண்டும். வரியோடு சேர்த்து விலையைக் கேட்டால் குடிக்காமலே தலை சுற்றும். போதாததற்குப் போன வருஷம் அரசாங்கம் மதுக்கடைகளை மூன்று மாதம் இழுத்து மூடியது. அப்போதும் டாக்டர் தொடவில்லை. டாக்டரின் அறுபதுக்கு டாக்டரின் பாட்டில், அடுத்த மாதம் எஞ்சினியரின் அறுபதுக்கு அவருடைய பாட்டில். இதுதான் ஒப்பந்தம்.

பாட்டில் இருந்த கண்ணாடி அலமாரி எஞ்சினியர் தச்சனை வைத்து ஆசையாகச் செய்து கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் டாக்டர் பாட்டிலைத் துடைத்துத் திரும்ப நிற்கவைப்பார். ஒருமுறை தங்கை தெரியாத்தனமாக அதைப் படுக்கவைத்துவிட்டார். "இது வைன் இல்ல, படுக்கவச்சா தக்கை ஊறிக் கெட்டுடும். நிக்க வை" என்று டாக்டர் எரிந்து விழுந்தார். தங்கை பிறந்ததிலிருந்து ஒரு நாளும் அவரை டாக்டர் அப்படித் திட்டியதில்லை.

"சீல் நல்லாத்தானே இருந்துச்சு?" என்றார் மனைவி.

அதை யாரும் சரியாகப் பார்க்கவில்லை. "குடுடா, உனக்குக் கை நடுங்குது" என்று எஞ்சினியர்தான் பாட்டிலைப் பிடுங்கி, சீலைக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். திருகும்போதே தக்கை இரண்டாக உடைந்து, பாதி தூளாக உள்ளே விழுந்தது. "பழைய சரக்கு, தக்கை உதிரத்தான் செய்யும்" என்றார். டாக்டரின் மனைவி டீ வடிகட்டியில் வடித்துக் கொடுத்தார்.

"அலமாரிச் சாவி யார்கிட்ட இருக்கு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"என் கொத்துலதான்," என்றார் டாக்டர்.

"கார் சாவியும் அதே கொத்துலதானே இருக்கு?" எஞ்சினியர் மெதுவாகச் சொன்னார். "நான் யாரையும் சொல்லலப்பா."

சொல்லாமல் சொன்னது போதுமானதாக இருந்தது. டாக்டர் டிரைவரைக் கூப்பிட்டார். பதினொரு வருஷமாக அந்த வீட்டில் வேலை பார்ப்பவர்.

"சாவி பகல் முழுக்க உன்கிட்டதானே இருக்கு?"

"ஆமாங்கய்யா."

"பாட்டில்ல இருந்தது எங்க?"

டிரைவருக்கு விஷயம் புரியச் சிறிது நேரம் ஆனது. "என் பொண்ணுக்குப் பல்லு கட்டினதே நீங்கதான். இந்த வீட்ல நான் கை வைப்பேனா?"

"நாளையிலிருந்து வர வேண்டாம்."

டிரைவர் சாவிக்கொத்தை மேஜையில் வைத்துவிட்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

"கொஞ்சம் நில்லுங்க," என்றார் இன்ஸ்பெக்டர். வடிகட்டியிலிருந்து தக்கைத் துண்டுகளைத் தட்டில் கொட்டி, விளக்கடியில் வைத்துப் பார்த்தார். "அண்ணா, பூட்டு வாங்கினா ரெண்டு சாவி வருமே. இன்னொண்ணு எங்க?"

"இவன் எனக்கு ஒண்ணுதான் குடுத்தான்."

"தச்சன் தொலைச்சிட்டான்மா," என்றார் எஞ்சினியர்.

இன்ஸ்பெக்டர் டிரைவர் பக்கம் திரும்பினார். "சமீபத்துல அண்ணனும் அண்ணியும் இல்லாத நேரத்துல யாராவது வந்தாங்களா?"

"திருட வந்தவங்க யாரும் இல்லம்மா. எஞ்சினியர் சார் மட்டும் ஒரு நாள் வந்தாங்க. அலமாரிக் கதவு தொங்குதுன்னு சரிபண்ணிட்டுப் போனாங்க."

"நீங்க கூடவே இருந்தீங்களா?"

"ஸ்க்ரூ வாங்கிட்டு வரச் சொன்னாங்க. வாங்கிட்டு வர்றதுக்குள்ள வேலை முடிஞ்சிருச்சு."

"கையில என்ன கொண்டுவந்தாரு?"

"ஒரு பை. சாமான் பைன்னு நினைச்சேன்."

எஞ்சினியர் சிரித்தார். "நல்ல போலீஸ்மா நீ. நாற்பது வருஷமா உன்னைத் தூக்கி வளர்த்தவன்கிட்டயே விசாரணையா?"

"சும்மா கேட்டேன் அண்ணா. உங்க பாட்டிலை ஒரு தடவை பாக்கலாமா? நாலு வீடு தள்ளித்தானே."

"எனக்கு மாத்திரை போடுற நேரம்."

"மாத்திரையும் அங்கதானே இருக்கும்."

எட்டு மணிக்கு எல்லோரும் எஞ்சினியரின் வீட்டில் இருந்தார்கள். டிரைவரையும் இன்ஸ்பெக்டர் விடாமல் அழைத்து வந்திருந்தார். கூடத்துச் சுவர் முழுக்க எஞ்சினியரே வரைந்து செய்த தேக்குத் தாங்கி. அதில் பாட்டில்கள் எல்லாம் தலையைச் சாய்த்துப் படுத்திருந்தன. விஸ்கியை நிற்கத்தான் வைக்க வேண்டும் என்று டாக்டர் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தார். எனக்கே பாடம் எடுக்கிறாயா என்பதுதான் நண்பரின் பதில்.

நடுவில் கிடந்த இருபத்தைந்து வருஷத்துப் பாட்டிலை இன்ஸ்பெக்டர் எடுத்தார். சீல் புதுசுபோல இருந்தது. கத்தியால் கீறி, தக்கையைத் திருகினார். 'ப்ளக்' என்ற சத்தத்தோடு தக்கை முழுசாக வெளியே வந்தது. அடியில் லேசான ஈரம். மற்றபடி வெளுப்பாக, உறுதியாக இருந்தது. அறை முழுக்க வாசனை பரவியது. டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இதுதான்," என்றார். "இதுதான் ஸ்காட்ச்."

இன்ஸ்பெக்டர் கையோடு கொண்டுவந்திருந்த உடைந்த தக்கையை எடுத்து, இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்.

"படுக்கவச்சா சாராயம் தக்கையிலேயே ஊறி, அரிச்சு, தூளாக்கிடும்னு அண்ணன் என்னைத் திட்டினது நல்லா ஞாபகம் இருக்கு. எங்க வீட்டுப் பாட்டில் ரெண்டு வருஷமா நின்னுட்டே இருந்தது. ஆனா அதோட தக்கைதான் மேல் வரைக்கும் கறுத்து உதிர்ந்துபோச்சு. இங்க ரெண்டு வருஷமா படுத்திருக்கிற பாட்டிலோட தக்கை கல்லு மாதிரி இருக்கு. ரெண்டும் இடம் மாறியிருந்தாதான் இது நடக்கும். டிரைவர் திருடியிருந்தா நம்ம பாட்டிலையே காலி பண்ணி ரொப்பியிருப்பாரு, தக்கை கெட்டிருக்காது. மாத்தி வைக்கணும்னா இதே மாதிரி இன்னொரு பாட்டில் வேணும். அது ஒருத்தர்கிட்டதான் இருந்தது."

இன்ஸ்பெக்டர் எஞ்சினியர் பக்கம் திரும்பினார்.

"சட்டைப் பையில இருக்கிற சீலை எடுங்க. பசை போட்டு ஒட்டின தடம் அதுல இருக்கும்."

எஞ்சினியர் எடுக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். தரையைப் பார்த்தபடியே டாக்டரிடம் பேசினார்.

"கடை மூடின அந்த மூணு மாசம்டா. ஒரே ஒரு பெக்னுதான் திறந்தேன். அப்புறம் நிறுத்த முடியல. கடை திறந்ததும் பிராந்தியை ஊத்தி மூடி வச்சேன். அடுத்த மாசம் என் பாட்டிலைத் திறந்தா எல்லார் முன்னாடியும் மானம் போயிடும். நான் தொடவே மாட்டேன்னு ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கேன். ரெண்டாவது சாவி என்கிட்டதான் இருந்தது, மாத்தி வச்சுட்டேன்."

"அதனால என் பாட்டிலைப் பிராந்தியாக்கிட்டே," என்றார் டாக்டர். "என்கிட்ட சொல்லியிருந்தா பாதி குடுத்திருப்பேனேடா. முழுசாவே குடுத்திருப்பேன். சாவிக்கொத்துன்னு நீதானே எடுத்துக்கொடுத்தே? நான் அந்த மனுஷனைத் துரத்துவேன்னு தெரிஞ்சுதானே சொன்னே?"

"போலீஸ் வரைக்கும் போகாதுன்னு நினைச்சேன்."

"போலீஸ் உங்க பக்கத்துலதான் உக்காந்திருந்தேன், சார்," என்றார் இன்ஸ்பெக்டர்.

நாற்பது வருஷம் அண்ணா என்று கூப்பிட்ட வாய் அது. எஞ்சினியர் அதன் பிறகுதான் முகத்தை மூடிக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்பியதும் டாக்டர் மேஜையில் கிடந்த சாவிக்கொத்தை எடுத்து டிரைவரிடம் நீட்டினார். "தப்புப் பண்ணிட்டேன். மனசுல வச்சுக்காதே. காலையில வழக்கம்போல வா."

டிரைவர் கொத்தை வாங்கிக்கொண்டார். வளையத்தைப் பிரித்து, அலமாரிச் சாவியை மட்டும் நிதானமாகக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"வர்றேங்கய்யா. இது மட்டும் என்கிட்ட வேண்டாம்."

அவர் போன பிறகு, எஞ்சினியர் வீட்டிலிருந்து எடுத்துவந்த பாட்டிலை டாக்டர் அலமாரியில் நிற்கவைத்துப் பூட்டினார். உலகத்திலேயே அவருக்குப் பிடித்த விஸ்கி, கடைசியில் அவர் வீட்டிலேயே இருந்தது. யாரோடு உட்கார்ந்து அதைக் குடிப்பது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.