ஐந்தாவது டிஸ்க்

"பதினோரு வருஷத்து டிசைன் சார். எல்லாம் போச்சு!" என்றபடியே வடிவு யேசுதாஸின் கடைக்குள் நுழைந்தாள். பழுதான டிஸ்குகளிலிருந்து தகவல்களை மீட்டுக் கொடுப்பது அவர் தொழில்.

பெரிய காஞ்சிபுரத்தில் வடிவு பட்டுப்புடவை டிசைன் கூடம் நடத்தினாள். டிசைன்கள் எல்லாம், நான்கு டிஸ்குகள் சேர்ந்து இயங்கும் ஒரு பெட்டியில் இருந்தன. இடம் போதாமல், முந்தைய நாள் காலை அவள் அண்ணன் மகன் இளவரசன் ஐந்தாவது டிஸ்கைச் சேர்த்தான். ஐந்திலும் தகவலைப் பிரித்து அடுக்கப் பெட்டிக்கு ஒரு நாள் பிடிக்கும். ஓடட்டும் என்று விட்டுவிட்டுப் பதினொரு மணிக்கு ஏரிக்கரை ஊரான தாமலுக்கு வேறு வேலையாகப் போய்விட்டான். மதியம் வடிவு சாப்பிட்டுத் திரும்பியபோது பெட்டி சிவப்பு விளக்கோடு நின்றுபோயிருந்தது.

வேறொரு கடை அவள் டிசைனைத் திருடியதாகத் திங்கட்கிழமை நெசவாளர் சங்கத்தில் விசாரணை. தேதியோடு இருந்த அந்தக் கோப்புகள்தான் ஒரே சாட்சி.

"அவங்களோட சேர்ந்துக்கினு இளவரசன்தான் கெடுத்திருக்கான். என் மூஞ்சிலயே முழிக்காதேன்னுட்டேன்" என்றாள்.

யேசுதாஸ் கூடத்துக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தார். பழைய டிஸ்குகளின் முகப்பில் நூல் தூசி படிந்திருந்தது. இரண்டாவது, மூன்றாவது டிஸ்குகளின் கைப்பிடி மட்டும் சுத்தமாக இருந்தது. இளவரசனை வரவழைத்து, அவனுக்கு மட்டும் தெரிந்த கடவுச்சொல்லைப் போடச் சொல்லி, எப்போது என்ன நடந்தது என்று பெட்டி குறித்துவைத்த பதிவுகளைத் தனியாகப் படித்தார். பிறகு கூடத்தில் வேலை செய்யும் டிசைனர் விக்ரமையும் கூப்பிட்டார்.

"என்ன ஆகியிருக்கும்?"

"புது டிஸ்க் கெட்டதா இருக்கும் சார்" என்றான் இளவரசன், தலை குனிந்தபடி.

விக்ரம் சிரித்தான். "ஒண்ணு போனா தாங்கும்பா. ரெண்டு போனா எப்படித் தாங்கும்?"

"ரெண்டுன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

யேசுதாஸ் பதிவுகள் இருந்த திரையை அவர்கள் பக்கம் திருப்பினார்.

"ஒன்றேகாலுக்கு ரெண்டாவது டிஸ்க், அடுத்த நிமிஷம் மூணாவது. உருவிட்டுத் திரும்பச் சொருகியிருக்குது. கைப்பிடித் தூசியும் அதைத்தான் சொல்லுது. அந்த நேரம் இங்க யாரும்மா இருந்தது?"

வடிவு மெல்லத் திரும்பினாள். "விக்ரம் மட்டும்தான். அதே ஒன்றேகாலுக்குத்தான் தாமல்லேருந்து இளவரசன் வீடியோ காலில் பேசினான் சார். பின்னாடி ஏரி தெரிஞ்சுது. எனக்குத்தான் புத்தியில்ல."

விக்ரம் வடிவின் பக்கம் திரும்பினான். "அந்தக் கடைக்கு டிசைனைக் கொடுத்தது நான்தான். விசாரணையில என் பேரும் வந்துடும்னு பயந்துட்டேன்."

"டிஸ்குங்க கெடலம்மா" என்றார் யேசுதாஸ். "முதல்ல அஞ்சுக்கும் நகல் எடுத்துடறேன். அப்புறம் நின்ன இடத்திலேருந்து அடுக்கிக்கலாம்."

மறுநாள் மாலை, கோப்புகள் ஒவ்வொன்றாகத் திரையில் திறந்தன.

"தப்பு எம்மேலதான்பா" என்றாள் வடிவு.

இளவரசன் திரையைவிட்டுத் திரும்பவில்லை. "தேதியெல்லாம் சரியா இருக்குதான்னு பாருங்க அத்தை" என்றான்.