கேட்டில் நின்ற மாங்காய் லாரிகள்

திருப்பதியில் ஸ்ரீதேவியின் அலுவலகத்துக்குள் நுழைந்தபோதே லோகேஸ்வரன் தன் அடையாள அட்டையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

“சாயங்காலம் இத்த மேனேஜர்கிட்ட குடுத்துட்டுப் போவணும் மேடம். சித்தூர் மாங்கூழ் ஃபேக்டரி கேட்ல லாரிங்க நின்னுக்கினு கீது. விவசாயிங்க கொண்ணாந்த பழ விவரத்த மொத்தமா ஏத்துற புரோகிராம் ஊர்ந்துக்கினு கீது. அது முடிஞ்சாத்தான் டோக்கன். வெயில்ல பழமெல்லாம் கெட்டுப்போவுது.”

யஸ்வந்துக்குக் கை பரபரத்தது. பிறர் மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது ஸ்ரீதேவிக்குத் தொழில். அவளை முந்திக்கொள்வது உதவியாளனான அவனுக்குத் தீராத ஆசை.

“சர்வர் படுத்துடுச்சுக்கா!”

“போன வாரம் இத்தவிடப் பெரிய ஃபைலு கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள ஏறிச்சு. அதே சர்வர், அதே புரோகிராம்,” என்றான் லோகேஸ்வரன். “புரோகிராம் டேட்டாபேஸ எத்தினி வாட்டி கேக்குதுன்னு எண்ணுற டெஸ்ட்டும் எழுதிக் கீறேன். அஞ்சு வாட்டிக்கு மேல போனா ஃபெயில். இன்னிக்கும் பாஸ்தான். டெஸ்ட்டே தப்புன்னு என்னை அனுப்பறாங்க.”

யஸ்வந்தின் ஆசையில் மண் விழுந்தது.

“டெஸ்ட்ல என்னத்த ஏத்தினே?” ஸ்ரீதேவி நிதானமாகக் கேட்டாள்.

“நூறு வரி. எல்லாம் தோத்தாபுரி. நம்ம பக்கம் கூழுக்குப் போறது அதானே?”

“இன்னிக்கு என்ன வாங்கறாங்க?”

“இந்த வாரந்தான் நீலம், அல்போன்சாவும் கலந்து...” அவன் பாதியில் நிறுத்தினான்.

மேனேஜர் ஹரிபிரசாத்தின் அறையில் மூவரும் போய் நின்றார்கள். லோகேஸ்வரன் அட்டையை மேசைமேல் வைத்தான். “புரோகிராம நான் இன்னும் பாக்கல. டெஸ்ட்ல மாம்பழ ரகத்த மட்டும் மாத்தி மாத்திப் போடு,” என்றாள் ஸ்ரீதேவி. லோகேஸ்வரன் போட்டான். டெஸ்ட் ஃபெயிலானது. டேட்டாபேஸுக்குப் போன கேள்விகள் நூற்றுநான்கு.

“முந்தின வரியோட ரகம் மட்டுந்தான் புரோகிராமுக்கு ஞாபகம் இருக்குது,” என்றாள் ஸ்ரீதேவி. “ அடுத்ததும் அதே ரகம்னா கம்முனு போவும். மாறினா மறுபடி டேட்டாபேஸ்கிட்ட ஓடும். ரகம் எல்லாத்தையும் மொதல்லயே ஒரு வாட்டி வாங்கி வெச்சுக்கினா தீந்துச்சு.”

யஸ்வந்த் புரோகிராமைத் திறந்தான். அப்படியேதான் இருந்தது. “இத்த யாரு எழுதினதுக்கா?” கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“நான்தான்,” என்றார் ஹரிபிரசாத்.

“ஒரே ரகம் போட்டு டெஸ்ட் எழுதினது என் தப்பு சார்,” என்றான் லோகேஸ்வரன்.

திருத்தியதும் கேள்விகள் ஐந்தாகக் குறைந்தன. சற்றைக்கெல்லாம் சித்தூரிலிருந்து, லாரிகள் உள்ளே போவதாகப் போன் வந்தது.

மேசையில் கிடந்த அட்டையை ஹரிபிரசாத் லோகேஸ்வரன் பக்கம் தள்ளினார்.

“சர்லே, சரி வுடு, கழுத்துல மாட்டிக்கோ. கலந்து போட்ட டெஸ்ட்ட அப்பிடியே வெச்சிடு. நாளைக்கு நான் மறுபடி தப்பு பண்ணா அது என்னைப் புடிக்கணும்.”