வயிறு பேசிய தூது

ஆவணி மாதத்துப் பெண்ணையாறு இரு கரையும் தொட்டுப் பெருகிக்கொண்டிருந்தது. மேல்வானத்தில் செக்கர் இன்னும் முற்றும் அணையவில்லை. கீழ்வானத்திலோ முழுமதி அதற்குள் அவசரப்பட்டு எழுந்து, நாணற்காட்டின் வெண்பூக்களுக்கும் அக்கரையில் ஓங்கி நின்ற வேங்கைக்கோட்டையின் மதில்களுக்கும் ஒரே வெள்ளியைப் பூசத் தொடங்கியிருந்தது. இத்தகைய மாலையில், அன்பு வாசகர்களே, காதலைப் பற்றிப் பேசுவதுதான் முறை. ஆனால் நாம் முதலில் பேசவேண்டியிருப்பது ஒரு வீரனின் வயிற்றைப் பற்றி. முகத்தைச் சுளிக்காதீர்கள்! அந்த வயிற்றை நம்பித்தான் அன்று இரண்டாயிரம் உயிர்கள் இருந்தன.

அந்த வீரனின் பெயர் எழினி. கருங்கல்நல்லூர்க் கோட்டையைப் பகைவர் நாற்பது நாளாக முற்றுகையிட்டிருக்க, அகழியை நீந்திக் கடந்து, காடு மலை தாண்டி, வேங்கைக்கோட்டை வேளிடம் யானைப்படை கேட்டு வந்திருக்கும் தூதன். கோட்டைக்குள் இருந்த இரண்டாயிரம் பேருக்கும் இன்னும் ஐந்து நாளுக்குத்தான் நெல் இருந்தது. இப்போது அவன் ஒரு சிறு ஓடத்தில் கால் மடக்கி அமர்ந்திருந்தான். எதிரே ஒரு பெண் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் காலடியில் கூடை நிறைய மூலிகைகள் கிடந்தன.

கடமுடவென்று ஓர் ஓசை எழுந்தது. அந்தப் பெண் வானத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"மேகமே இல்லையே, எங்கே இடித்தது?"

"வானம் இல்லை அம்மணி," என்றான் எழினி, காது மடல் சிவக்க. "என் வயிறு."

"அடேயப்பா! அப்படியென்றால் இந்த வாசனை? புனுகும் சவ்வாதும் குடம் குடமாக மணக்கிறது; அதற்கு அடியில் வேறு ஏதோ புளித்த நெடியும் வருகிறதே?"

"அதுவும் நான்தான்," என்று தலைகுனிந்தான் அவன். பிறகு, முன்பின் அறியாதவளிடம் சொல்வதுதான் எளிது என்று தோன்றிற்றோ என்னவோ, எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். "வேல் எதிரே பாய்ந்து வந்தாலும் என் வயிறு சும்மா இருக்கும். நாலு பேர் பார்க்க நின்று பேசவேண்டும் என்றால் போதும், அடிவயிறு முறுக்கும், ஓடத் தோன்றும், அக்குள் நனைந்து நாறும். மூன்று வைத்தியர்களைப் பார்த்துவிட்டேன். கடுக்காய் தின்றேன், பாலை விட்டேன், மிளகை விட்டேன். மானத்தைத் தவிர எல்லாவற்றையும் விட்டுவிட்டேன், அம்மணி! இன்று அதுவும் போகப்போகிறது. தூதுக்கல்லைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்களே?"

அவள் கேள்விப்பட்டுத்தான் இருந்தாள். வேங்கைக்கோட்டையில் ஒரு மரபு உண்டு. தூது வந்தவன் சபை நடுவே ஒரு கல்லின்மேல் நிற்கவேண்டும். அடியில் ஊசித்துளையிட்ட செப்பு வட்டிலை நீரில் மிதக்கவிடுவார்கள். ஒரு நாழிகையில் அது நிறைந்து மூழ்கும்வரை அவன் கல்லைவிட்டு இறங்கக் கூடாது. இறங்கிவிட்டால் அவன் சொன்ன சொல் பொய் என்று தள்ளிவிடுவார்கள். பொய்யனின் கால் ஓரிடத்தில் நில்லாது என்பது அந்நாட்டார் நம்பிக்கை. எழினியின் கால் நின்றுவிடும், வயிறு விடவேண்டுமே!

"சபை இல்லாத நாட்களில் இந்தத் தொல்லை உண்டோ?" என்று கேட்டாள் அவள்.

"இல்லை."

"தூங்கும்போது எழுப்பிவிடுமா? மெலிந்துபோனீரா? இரத்தம் கண்டதுண்டா?"

"அதெல்லாம் எதுவும் கிடையாது."

"அப்படியானால் குடலுக்குப் பெரிய கேடு ஒன்றுமில்லை. மனமும் குடலும் ஒரே கயிற்றின் இரு முனை, ஐயா. நீர் அங்கே பயந்தால் இது இங்கே முறுக்குகிறது. முறுக்கியதைக் கண்டு இன்னும் பயப்படுகிறீர். வியர்வையும் அப்படித்தான். உழைத்து வரும் வியர்வைக்கு ஒரு மணம், அஞ்சி வரும் வியர்வைக்கு வேறு மணம். அதன்மேல் புனுகைப் பூசினால் இரண்டும் சேர்ந்து ஊரைக் கூட்டும். போய்க் குளியும், வெளுத்த ஆடை உடுத்தும், வெட்டிவேர் நீர் மட்டும் போதும்."

"வயிற்றுக்கு?"

"இதோ, என் துடுப்பைப் பாரும். நான் இழுக்கும்போது மூச்சை உள்ளே வாங்கும். துடுப்பு முன்னே போகும்போது அதைவிட மெதுவாக விடும். ஆ, அப்படித்தான்! வயிறு சத்தம் போட்டால் மறைக்காதீர். ஆமாம், என் வயிறுதான் என்று சொல்லிவிடும். மறைக்கப் பாடுபடுவதில்தான் பாதி நோய்."

கரை வருவதற்குள் எழினியின் அடிவயிறு தளர்ந்திருந்தது. அவளை ஏறிட்டுப் பார்க்கவும் அவனுக்கு அப்போதுதான் துணிவு வந்தது. பார்த்தவன் மூச்சுவிட மறந்தான் என்பதையும் சொல்லிவிடவேண்டும். "உங்கள் பெயர்?" என்றான்.

"மருதி. முதலில் குளியும் ஐயா, பிறகு பெயர் கேட்கலாம்," என்று சிரித்துவிட்டு, கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

நன்றாக இருட்டியபின் சபை கூடிற்று. சரவிளக்குகளின் கீழே முதிய வேள் சாய்ந்திருந்தார். அவருக்குச் செவி மந்தம். யார் எது சொன்னாலும் அமைச்சர் குனிந்து அவர் காதில் திருப்பிச் சொல்வார். சபையின் கடைசியில் பொற்பெட்டியுடன் அடைப்பக்காரன் நின்றான், வேளுக்கு வெற்றிலை மடித்துக் கொடுப்பவன். வேளுக்குப் பின்னால், பெண்டிர் அமரும் இடத்தை மறைத்துத் திரை தொங்கிற்று. எழினி கல்லின்மேல் ஏறினான். வட்டில் நீரில் மிதந்தது. சபை ஊசி விழுந்தால் கேட்கும்படி அடங்கிற்று.

அந்த அமைதியில் அவன் வயிறு கடமுடவென்று முழங்கிற்று.

எங்கோ ஒருவர் களுக்கென்றார். எழினிக்கு உலகமே சுழன்றது. ஓடத்தை நினைத்தான், துடுப்பை நினைத்தான், உள்ளே வாங்கினான், மெல்ல விட்டான். பிறகு தலைநிமிர்ந்து, "வேந்தே, மன்னிக்கவேண்டும். பேசியது என் வயிறு. என்னைவிட அதற்கு அவசரம்," என்றான்.

சபை குலுங்கிச் சிரித்தது. அமைச்சர் அதை வேளின் காதில் ஓதவே, அவர் ஒரு கணம் தாமதமாகத் தொடை தட்டிச் சிரித்தார். அதைக் கண்டு சபை மறுபடியும் சிரித்தது. என்ன ஆச்சரியம்! அவன் அடிவயிற்றின் முறுக்கு அந்தச் சிரிப்போடு அவிழ்ந்துபோயிற்று. கருங்கல்நல்லூரின் பசியை அவன் எடுத்துச் சொன்னான். தாய்மார் கஞ்சியைப் பங்கிடுவதைச் சொல்லும்போது தழுதழுத்தான், அதையும் மறைக்கவில்லை. சொல்லி முடித்தபோது வட்டில் விளிம்புவரை நிறைந்திருந்தது. இன்னும் சில கணங்கள், அவ்வளவுதான்!

அப்போது அந்த நெடி வந்தது. புனுகும் சவ்வாதும், அடியில் புளித்த வாடையும். போயிற்றே, மானம் போயிற்றே என்று தோளை மோந்து பார்த்தான். வெட்டிவேர்தான் மணத்தது. அப்படியானால் யார்? கல்லை உரசிக்கொண்டு வேளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான் அடைப்பக்காரன். முகம் அமைதியாக இருந்தது, கை நடுங்கவில்லை. ஆனால் குளிர்ந்த மண்டபத்தில் வெற்றிலை மடிப்பவனுக்கு அச்சத்தின் வியர்வை எதற்கு? இருபது ஆண்டுகளாகத் தன் உடம்பிலேயே அறிந்த அந்த வாடையை எழினி தவறாக எண்ணுவானா?

"வேந்தே! உண்ணாதீர்கள்!" என்று கூவினான். வேளுக்குக் கேட்கவில்லை. சபையோ அடுத்த வேடிக்கை என்று சிரித்தது. வெற்றிலை அவர் உதட்டருகே போய்விட்டது.

இறங்கினால் கருங்கல்நல்லூர் போயிற்று. இறங்காவிட்டால் ஓர் உயிர் போயிற்று. எழினி பாய்ந்தான்.

"பாவம், தாங்க முடியவில்லை! கொல்லைப்பக்கம் இடப்புறம் அப்பா!" என்று யாரோ கத்தினார்கள். அவன் அதற்குள் வெற்றிலையைத் தட்டிவிட்டு, அடைப்பக்காரனின் மணிக்கட்டைப் பற்றியிருந்தான். பின்னால் வட்டில் குளுக்கென்று மூழ்கிற்று.

"வெற்றிலையில் நஞ்சு இல்லையானால் இதை இவனே மெல்லட்டும்!" என்றான் எழினி.

அடைப்பக்காரன் மெல்லவில்லை. கையை உதறிக்கொண்டு சாளரத்தை நோக்கி ஓடினான். காவலர் மடக்கிப் பிடித்தபோது அவன் மடியிலிருந்து கருங்கல்நல்லூரை முற்றுகையிட்ட பகைவரின் முத்திரை மோதிரம் உருண்டு விழுந்தது.

வேள் எழுந்து எழினியை மார்போடு தழுவிக்கொண்டார். ஆனால் அவர் கண்கள் கலங்கியிருந்தன. "என் உயிரைக் காத்தாய், தம்பி. உனக்கு என்ன வேண்டுமானாலும் தருவேன். படை மட்டும் தர முடியாது. கல்லைவிட்டு இறங்கிய தூதனின் சொல்லை என் முன்னோர் ஏற்றதில்லையே!"

எழினிக்குக் கஞ்சிக் கலயங்கள் கண்முன் வந்தன.

"அவர் சொல்லை ஏற்கவேண்டாம், அப்பா," என்றது திரைக்குப் பின்னிருந்து ஒரு குரல். திரை விலகிற்று. பட்டுடுத்தி, மூலிகைச் சாறு இன்னும் கறையாக ஒட்டிய விரல்களுடன், ஓடக்காரி மருதி வெளியே வந்தாள். சபை முழுவதும் எழுந்து நின்று, "இளவரசியார் மருதநங்கை வாழ்க!" என்றது. எழினி மட்டும் வாய் பிளந்து நின்றான்.

அவள் நேராகச் சென்று தூதுக்கல்லின்மேல் ஏறினாள். "வட்டிலை மறுபடி மிதக்கவிடுங்கள். கருங்கல்நல்லூருக்கு இனி நான் தூது. இவர் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் நான் சொல்கிறேன். என் காலும் நிற்கிறதா என்று பாருங்கள்!"

வட்டில் மிதந்தது. நாட்டின் பெரியோர் எல்லாரும் அவளையே உற்று நோக்கினர். அவள் வாய் திறந்தாள், சொல் வரவில்லை. அந்த அமைதியில், வாசகர்களே, கடமுடவென்று ஓர் ஓசை எழுந்தது.

மருதநங்கையின் முகம் குங்குமமாகிவிட்டது. சபை திடுக்கிட்டு ஒருவரையொருவர் பார்த்தது.

"வேந்தே, மன்னிக்கவேண்டும்!" என்று முன்னால் வந்து நின்றான் எழினி. "அதுவும் என் வயிறுதான்."

சபை வெடித்துச் சிரித்தது. அமைச்சர் காதில் ஓத, வேளும் சிரித்தார். கல்லின்மேல் நின்றவள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் எழினியைப் பார்த்தாள். அவன் இரண்டு கைகளையும் மெல்ல மார்புப் பக்கம் இழுத்து, அதைவிட மெல்ல முன்னே தள்ளினான், துடுப்புப் போடுவதுபோல. அவள் மூச்சை வாங்கினாள், விட்டாள், பேசத் தொடங்கினாள். வட்டில் மூழ்கும்வரை அவள் கால் அசையவில்லை. நிலவு உச்சிக்கு ஏறுமுன் முந்நூறு யானைகள் கருங்கல்நல்லூரை நோக்கிப் புறப்பட்டன. முதல் யானையின் அம்பாரியில் இருவர் இருந்தார்கள்.