கடைசிச் சரணம்

அந்த வீட்டுக்குப் போன முதல் நாளே நான் எரிச்சலில்தான் இருந்தேன். எத்தனையோ ஸ்டூடியோ இருக்க, தன் வீட்டு மாடியறையில்தான் பாடுவேன் என்று பாடகி ஒற்றைக் காலில் நின்றாள். மைக்கையும் வயர்களையும் குறுகலான படிகளில் தூக்கி ஏற்றியதில் எனக்கு இடுப்பே கழன்றுவிட்டது. ஒலிப்பதிவுக்காரன் என்றால் பாதி சுமைதூக்கிதானே!

அறையில் இரண்டு ஸ்டூல்கள் கிடந்தன. ஒன்றில் அவள் கிட்டாரோடு உட்கார்ந்தாள். வலப்பக்கம் இருந்தது அவள் புருஷனுடையது. தாடி என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவோம். அவளுடைய மென்மையான ராக் பாட்டுகளுக்கெல்லாம் இரண்டாவது குரல் அவர்தான். முன்பெல்லாம் ஸ்டூடியோவில் எவ்வளவு நன்றாகப் பாடி முடித்தாலும் சரி, வாயில் கிராம்பை மென்றுகொண்டே, "இன்னொரு தடவ" என்பார். அதைக் கேட்டு எனக்குக் கோபம் வராத நாள் கிடையாது.

போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டார். பாவி மனுஷன், ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு போகவில்லை.

இந்த ஆல்பத்தின் பாட்டுகள் எல்லாம் அதற்குப் பிறகு அவள் எழுதியவை.

"ரெண்டாவது குரலுக்கு வேற யாரையாவது கூப்பிடலாமாம்மா?" என்று கேட்டேன்.

"வேண்டாம்ணா. அந்த இடம் காலியாவே இருக்கட்டும்."

அறையில் ஏதோ ஒரு முனகல் இருந்துகொண்டே இருந்தது. ஃபேனை நிறுத்தினேன், விளக்கை மாற்றினேன், போகவில்லை. போதாததற்கு அவள் பாடும்போதெல்லாம் ஹெட்போனை வலது காதிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டாள். ஹெட்போன் சத்தம் மைக்கில் ஏறுமே என்று நானும் திட்டிப் பார்த்தேன். சிரித்து மழுப்பினாள்.

பாட்டுகள் மளமளவென்று முடிந்தன. கடைசிப் பாட்டின் கடைசிச் சரணம் மட்டும் நின்றது. அந்த இடம் வந்தால் அவள் கை தந்தியிலேயே உறைந்துவிடும்.

"நாளைக்குப் பாடிடறேன்ணா."

மறுநாளும் அதே கதை. ஆல்பத்தை வெளியிடுகிறவர்கள் ஃபோன் போட்டு என் உயிரை எடுத்தார்கள்.

சும்மா இருப்பானேன் என்று ஒரு மத்தியானம் பக்கத்து அறையில் உட்கார்ந்து அந்த முனகலை நீக்கினேன். யாரும் பாடாதபோது அறையின் சத்தத்தைப் பதிவு செய்து, இதைத்தான் கழிக்கணும் என்று கணினிக்குக் காட்டினால் அது கழித்துவிடும். கழித்ததை மட்டும் தனியாகக் கேட்கவும் வழி உண்டு. பாட்டில் எதையாவது சேர்த்துக் கழித்துவிட்டோமா என்று பார்ப்பதற்காக.

கேட்டேன்.

ஒரு ஆண் குரல்.

முதல் பாட்டில் மெட்டுத் தெரியாமல் தடவித் தடவிக்கொண்டிருந்தது. நாலாவது பாட்டில் பிடித்துவிட்டது. அவள் குரலே இல்லாமல், அவளுக்கான இரண்டாவது குரல் மட்டும். பாட்டு முடிந்ததும் சிரிப்போடு சொன்னது.

"இன்னொரு தடவ."

ஹெட்போனைக் கழற்றினேன். கிராம்பு வாசனை அடித்தது. திரும்பினால் வாசலில் பாடகி நின்றிருந்தாள்.

"கேட்டுட்டீங்களா?" என்றாள் ரகசியமாக. "எனக்குத் தினமும் கேக்குதுண்ணா. வலது காதுல."

"அப்படின்னா சந்தோஷமா பாடி முடிக்கறதுதானேம்மா? அந்தச் சரணத்துல என்ன வந்துச்சு?"

கதவை மெதுவாகச் சாத்திவிட்டு என் பக்கத்தில் வந்தாள்.

"மெல்லப் பேசுங்க. அவருக்கு இன்னும் தெரியாது."

"என்ன தெரியாது?"

"தான் செத்துட்டது."

மற்ற பாட்டுகளில் மழை இருந்தது, சண்டை இருந்தது, சமாதானம் இருந்தது. சாவு அந்த ஒரு சரணத்தில்தான் இருந்தது.

"அதைப் பாடினா போயிடுவாரோன்னு பயமா இருக்குண்ணா. நான் நிறுத்தற இடத்துல 'அப்புறம்?'னு கேக்கறார். அவர்கிட்ட நான் எதையுமே மறைச்சதில்ல. எத்தனை நாளைக்கு மறைப்பேன்?" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அழுது முடித்து, முகம் கழுவி, தானாகவே போய் மைக் முன்னால் உட்கார்ந்தாள்.

"விடிஞ்சு போச்சு, நீ எழுந்திருக்கல,
எழுப்பி எழுப்பி என் கை ஓஞ்சு போச்சு..."

முனகல் நின்றது.

ஒலி அளவைக் காட்டும் மீட்டரில் முள் அடியில் விழுந்து கிடந்தது. அந்த அறை அவ்வளவு நிசப்தமாக இருந்து நான் பார்த்ததே இல்லை. அவள் பக்கத்து ஸ்டூலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முள் லேசாக அசைந்தது. எதையும் கழிக்காமலே என் ஹெட்போனில் கேட்டது.

"இன்னொரு தடவ."

இந்த முறை சிரிப்பு இல்லை. டாக்டர் சொன்னதை நம்ப முடியாமல் மறுபடி கேட்கிறவர் குரல் அது.

அவள் மறுபடி பாடினாள். மறுபடியும் அதே வார்த்தை. மூன்றாவது முறை அவள் குரல் உடைந்துவிட்டது.

"முடியலண்ணா. ஒரு மனுஷன்கிட்ட இதை எத்தனை தடவ சொல்றது? அழிச்சிடுங்க. எல்லாத்தையும் அழிச்சிடுங்க."

சரணத்தை அழித்தேன், முனகலையும் சுத்தமாக நீக்கினேன். கடைசிப் பாட்டு வெறும் கிட்டாரோடு முடிந்தது. அந்த அறையில் அதற்குப் பிறகு எந்தச் சத்தமும் வரவில்லை என்று அவள் சொன்னாள். தப்புப் பண்ணிட்டேன்ணா என்றும் சொன்னாள்.

ஆல்பம் வெளிவந்த ஞாயிற்றுக்கிழமை, என் வீட்டுச் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே போட்டுக் கேட்டேன். கடைசிப் பாட்டு. சரணம் இருந்த இடத்தில் கிட்டார் மட்டும்.

கிராம்பு வாசனை.

"விடிஞ்சு போச்சு..."

ஆண் குரல். தடுமாற்றமே இல்லை. முதல் குரலுக்கான இடத்தை அவளுக்காகக் காலியாக விட்டுவிட்டு, இரண்டாவது குரலில் சரணம் முழுவதையும் பாடியது. கேட்டுக் கேட்டு அவருக்குப் பாடம் ஆகிவிட்டது. புரிந்தும்விட்டது.

பாட்டு முடிந்ததும் பிளேயரை அணைத்தேன். ஃபோன் அடித்தது. அவள்தான்.

"உங்களுக்கும் கேட்டுச்சாண்ணா?"

"கேட்டுச்சும்மா."

அவர் வழக்கமாகச் சொல்லும் வார்த்தைக்காக இருவரும் காத்திருந்தோம். வரவில்லை. அவள் விம்முவது மட்டும் ஃபோனில் கேட்டது. பிறகு, என்னிடம் இல்லை, வேறு யாரிடமோ கெஞ்சுவதுபோல அவள் சொன்னாள்.

"இன்னொரு தடவ."

அணைத்து வைத்திருந்த என் பிளேயரில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.