மேல்தளத்தில் உடைந்த கண்ணாடி

"கட்டடம் தானா அசையுதா, இல்ல யாராவது அசைஞ்ச மாதிரி காட்டுறாங்களா? அதை மட்டும் நீங்க கண்டுபிடிச்சுச் சொன்னா போதும்" என்று சொல்லிவிட்டு, வந்த அம்மாள் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நாலு தெரு தள்ளியிருக்கும் பழைய அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளர் அவர்.

எதிரே இருந்தவர் இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்து விசாரணை பார்த்து ஓய்வு பெற்றவர். வீடே பற்றி எரிந்தாலும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவார் என்பதால், ஊரில் அவருக்கு 'நிதானம்' என்று பெயர். பக்கத்தில் இருந்த அவருடைய மைத்துனர் அதற்கு நேர்மாறு. பள்ளியில் உடற்பயிற்சி வாத்தியாரான அவர், விசில் ஊதுவதற்கு முன்பே ஓடத் தயாராக இருக்கும் ரகம். திருடன் ஒருவனைத் துரத்திப் பிடிக்கவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

செயலாளர் விஷயத்தைச் சொன்னார். மூன்று தளக் கட்டடம். படிக்கட்டுச் சுவரில் கீழிருந்து மேல்வரை ஒரு விரிசல் ஓடுகிறது. இன்ஜினீயர் வந்து, ஒவ்வொரு தளத்திலும் விரிசலுக்குக் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடிப் பட்டையை வைத்து, இரண்டு முனையிலும் சிமெண்டு பூசிவிட்டுப் போனார். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். உடைந்தால் எல்லோரும் காலி செய்யவேண்டும், கட்டடம் இடிபடும். உடையாவிட்டால் விரிசலைப் பூசிவிட்டு அப்படியே குடியிருக்கலாம்.

"நேத்து சாயங்காலம் மேல்தளத்துக் கண்ணாடி உடைஞ்சு கிடந்தது. எனக்கு அந்தப் புரோக்கர் மேலதான் சந்தேகம். கீழ் வீட்டுல இருக்கான், வீடு பார்த்துக் கொடுக்கறவன். இடிச்சுக் கட்டணும்னு ஆரம்பத்துலேர்ந்து சொல்றவன் அவன் ஒருத்தன்தான்."

"நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டார் நிதானம்.

"குழாய் துருப்பிடிச்சிருக்கு. மழை வந்தா கூரை ஒழுகுது. லிஃப்ட் கிடையாது. ஒரு வீட்டுல தும்மினா அடுத்த வீட்டுல நூறுங்கறாங்க. எல்லாம் உண்மைதான். ஆனா கூப்பிட்ட குரலுக்கு ஓடிவர ஆள் இருக்கே! புது வீட்டுல அதை எங்க போய் வாங்கறது?"

அன்று மாலையே இருவரும் போனார்கள். வாத்தியார் கீழ்த்தளத்திலேயே புரோக்கரை மடக்கிவிட்டார். "மேல கண்ணாடி உடைஞ்சப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"ஐயா, நான் வாய்விட்டே இடிக்கணும்னு சொல்றவன். திருட்டுத்தனமா எதுக்கு உடைக்கணும்?" என்று புரோக்கர் எரிந்து விழுந்தார். "நேத்திலேர்ந்து ஒருத்தரும் என் முகத்துல முழிக்கறதில்லை."

அவருடைய வாசலுக்கு நேர் எதிரே, முதல் கண்ணாடிப் பட்டை பளிச்சென்று முழுசாக இருந்தது. செயலாளர் வீடு இருந்த நடுத்தளத்திலும் பட்டைக்கு ஒரு கீறல் இல்லை. வாத்தியாருக்கு ஒவ்வொரு படியிலும் சந்தேகம் கூடிக்கொண்டே போனது. கதவு இடுக்குகளில் கண்கள் தெரிந்தன. இவர்கள் நெருங்கியதும் பேச்சுகள் நின்றன.

மேல்தளத்தில் இரண்டு வீடுகள். ஒன்று பூட்டிக் கிடந்தது. இன்னொன்றில் டியூஷன் டீச்சரும் அவருடைய கணவரும். கணவர் வாழ்நாளெல்லாம் வெளியூர் பஸ் ஓட்டியவர். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது.

டீச்சர் உடைந்த துண்டுகளைக் காகிதத்தில் எடுத்து வைத்திருந்தார். நிதானம் அவற்றைச் சுவரில் ஒட்டியிருந்த மிச்சத்தோடு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தார். இடைவெளியே இல்லாமல் பொருந்தின. அவர்கள் வாசலை ஒட்டியிருந்த அந்தப் பட்டையைச் சுற்றி, உதிரும் சுண்ணாம்புச் சுவரில் அங்கங்கே வட்ட வட்டமாகச் சின்னப் பள்ளங்கள்.

"சுத்தியல்!" என்று வாத்தியார் கிசுகிசுத்தார்.

"சுத்தியல்னா ஒரு அடி போதுமே. இது ஏழெட்டு தடவை குறி தப்பியிருக்கு" என்றார் நிதானம்.

டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "உள்ள அவர்கிட்ட இதைப் பத்திப் பேசாதீங்க. நான் ஒண்ணும் சொல்லலை. இந்த வீடுன்னா அவருக்கு உயிர். தினம் சாயங்காலம் நான் செயலாளர் வீட்டுக் கூடத்துல டியூஷன் எடுக்கப் போயிடுவேன், இன்னிக்குத்தான் லீவு. தனியா எழுந்திருக்கவே மாட்டார், பாவம்."

டிரைவர் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் ஒரு கைத்தடி சாத்தியிருந்தது. ஜன்னல் கதவைத் தள்ளுவதற்கு என்றார் டீச்சர். அதன் கறுப்பு ரப்பர் முனையில் மாவு தொட்டதுபோல் வெள்ளை அப்பியிருந்தது. நிதானம் குனிந்து, "சத்தம் ஏதாவது கேட்டுச்சா?" என்று மட்டும் கேட்டார்.

டிரைவர் வார்த்தைகளைச் சிரமப்பட்டுச் சேர்த்தார். "ஒண்ணு... உடைஞ்சா... போதாதா?"

நிதானம் நிமிர்ந்தார். பிறகு, செயலாளரையும் புரோக்கரையும் அங்கேயே அழைத்துவரச் சொன்னார். வாத்தியார் இரண்டிரண்டு படியாகத் தாவி ஓடினார்.

வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் உட்கார்ந்தார்கள். நிதானம் ஆரம்பித்தார். "சுவர் அசையலை. அசைஞ்சிருந்தா துண்டுகளுக்கு நடுவுல இடைவெளி விழுந்திருக்கும். ஆக, இது ஆள் செஞ்ச வேலை. கட்டடத்தைக் காலி பண்ண வைக்கணும்னு செஞ்சது."

"நான் சொன்னேன்ல!" என்று செயலாளர் புரோக்கர் பக்கம் திரும்பினார்.

"பொறுங்க. இவர் செய்யறதா இருந்தா வாசல்லயே ஒரு கண்ணாடி இருக்கு. மூச்சு வாங்க மேல ஏறுவானேன்? நாம எல்லாரும், மேல ஏறி வந்தது யாருன்னே யோசிச்சோம். கீழ இறங்க முடியாதவர் யாருன்னு யோசிக்கலை. இறங்க முடிஞ்சவர்னா மூணையும் உடைச்சிருப்பார். சந்தேகமே வந்திருக்காது."

வாத்தியாருக்குச் சட்டென்று எல்லாம் விளங்கியது. அவர் பார்வை தடியின் முனைக்குப் போனது. துரத்திப் பிடிக்க நினைத்த ஆள், எழுந்து நிற்கவே சுவரைப் பிடிக்கவேண்டிய மனிதர். வாத்தியாருக்கு ஏனோ தலைநிமிரக் கூச்சமாக இருந்தது.

"இன்ஜினீயர் படிக்கட்டுல பேசினது இந்தச் சுவர் வழியா உங்களுக்குக் கேட்டிருக்கு. இல்லையா?" என்றார் நிதானம் மெதுவாக.

டிரைவர் தலையசைத்தார். டீச்சர் எழுந்து நின்றுவிட்டார். "வாசல் வரைக்கும் நடந்தீங்களா? நீங்களா?"

"சுவரைப் பிடிச்சு... பிடிச்சு. ரெண்டு தடவை... விழுந்தேன்."

"போகணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா?"

"நாலு பேர்... தூக்கணும். எத்தனை தடவை... கேக்கறது? உனக்கு இங்க... எல்லாரும் இருக்காங்க." அவர் ஜன்னலைக் காட்டினார். "எனக்கு இது... மட்டும்தான். ஒரு தடவை... தரையில நிக்கணும்."

டீச்சர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். கூப்பிட்ட குரலுக்கு ஓடிவருவோம் என்று பெருமைப்பட்ட செயலாளரால் டிரைவரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இந்த மனிதர் ஒருநாளும் கூப்பிடவில்லை. இவரை யாரும் கேட்கவும் இல்லை.

புரோக்கர்தான் முதலில் பேசினார். "கீழ் பின்வீடு இந்த மாசம் காலியாகுது. ஓனர் எனக்குத் தெரிஞ்சவர்தான். வீடு பார்த்துக் கொடுக்கறதுதானே என் பொழைப்பு? பேசி முடிக்கறேன்."

"கமிஷன்?" என்றார் டீச்சர், மூக்கை உறிஞ்சியபடி.

"உங்ககிட்ட வேண்டாம். என்னைத் திருடனாக்கினாங்களே, செயலாளரம்மா, அவங்ககிட்ட வசூல் பண்ணிக்கறேன்."

செயலாளர் புரோக்கர் பக்கம் திரும்பி, "மன்னிச்சுக்கோங்க. முழுக் கமிஷனும் கொடுத்துடறேன்" என்றார்.

"அப்பவும் இடிக்கணும்னுதான் சொல்வேன்" என்றார் புரோக்கர் விறைப்பாக.

"நானும்" என்றார் டிரைவர். அந்த வார்த்தை மட்டும் அவருக்குத் திக்கவில்லை.

வாத்தியார் நாற்காலியின் பின்னால் போய்க் குனிந்தார். "புரோக்கர் சார், அந்தப் பக்கம் பிடிங்க. வீடு காலியாகறது அப்புறம். இப்பவே ஒரு நடை போய்ட்டு வரலாம்."

திருப்பத்துக்குத் திருப்பம் இளைப்பாறி, நாற்காலியைக் கீழே கொண்டுவந்து வெட்டவெளியில் வைத்தார்கள். டிரைவர் டீச்சரின் தோளைப் பிடித்து எழுந்தார். செருப்பை உதறிவிட்டு வெறுங்காலை மண்ணில் ஊன்றினார். தெருவில் ஒரு பஸ் கியர் மாற்றிக்கொண்டு போனது.

"சீக்கிரம்... மாத்திட்டான்" என்றார். டீச்சர் அழுதுகொண்டே சிரித்தார்.