தள்ளினால் திறக்காது!

திங்கட்கிழமை காலை. எட்டு மணி பதினெட்டு நிமிடம்.

ஸ்டேஷன் போன் அலறியது!

இன்ஸ்பெக்டர் ஒரு கையில் டீ டம்ளரும் மறு கையில் ரிசீவருமாக உட்கார்ந்தார்.

"ஹலோ..."

"சார்... கீல் கம்பெனியில இருந்து பேசறேன். முதலாளி செத்துக் கிடக்கறார் சார்!"

"எங்கே?"

"சூட்டறையில. எட்டு பதினொண்ணுக்குப் பாத்தேன். வாசல்ல இருந்து எண்பத்து நாலு காலடி. கதவு உள்பக்கமா ரெண்டு தடவை திறந்திருக்கு சார்."

இன்ஸ்பெக்டர் ரிசீவரையே ஒரு கணம் முறைத்தார்.

"யோவ்... ஆளு செத்துக் கிடக்கான்னு சொல்றே. அதுல என்னய்யா எண்பத்து நாலு? யார் நீ?"

"எல்லாரும் மீட்டர்னு கூப்பிடுவாங்க சார்."

கூப்பிடாமல் என்ன செய்வார்கள்?

முப்பத்தோரு வருடமாக ஒரே வேலை. கதவைத் திறப்பது, மூடுவது, எண்ணுவது. ஒரு கீல் எத்தனை ஆயிரம் தடவை திறந்தால் தேயும் என்று எண்ணி எண்ணியே தலை நரைத்துவிட்டது. பெண்டாட்டி திட்டினால்கூட, இன்றைக்கு நாற்பது வார்த்தை, நேற்றைவிட ஆறு அதிகம் என்று சொல்கிற பிறவி!

ஜீப் பறந்தது.

சாவிலும் நல்ல சாவு, கெட்ட சாவு என்று உண்டு. இது மகா கெட்ட சாவு.

சூட்டறை என்பது பத்தடிக்குப் பத்தடியில் ஜன்னல் இல்லாத ஓர் இரும்புப் பெட்டி. புதுக் கீல்களை உள்ளே தொங்கவிட்டு எழுபது டிகிரியில் சுடுவார்கள், கிரீஸ் உருகுகிறதா என்று பார்ப்பதற்கு.

இந்த முறை உருகியது முதலாளி.

கதவருகே குப்புறக் கிடந்தார். சட்டையைக் கிழித்து எறிந்திருந்தார். உதடு வெடித்துப் பிளந்திருந்தது. இடது கை நகங்கள் ஐந்தும் வேரோடு பெயர்ந்திருந்தன.

வலது கையைப் பார்த்த கான்ஸ்டபிள் வாயைப் பொத்திக்கொண்டார்.

நாலு விரல்களும் நசுங்கித் தட்டையாகியிருந்தன!

"சார்... காலையில சாப்பிட்டது வெளியே வருது..."

"வெளியேதானே? போய் வெளியே விட்டுட்டு வா."

இன்ஸ்பெக்டர் மீட்டரின் பக்கம் திரும்பினார். ஒல்லியான ஆள். காதில் பென்சில். கக்கத்தில் தடித்த ரெஜிஸ்டர்.

"இந்தக் கதவுக்குப் பூட்டு எங்கே?"

"பூட்டும் கிடையாது, தாழ்ப்பாளும் கிடையாது சார். உள்ளே இருந்து தள்ளினா போதும், திறந்துக்கும்."

"அப்புறம் ஏன்யா இந்தாளு உள்ளேயே வெந்து செத்தாரு?"

மீட்டர் மேலே கை காட்டினார். மேல் கீலின் தலையில் பளபளவென்று ஒரு பித்தளைக் குமிழ்.

"இது எங்க புதுக் கீல் சார். குமிழை அரைச் சுற்று திருப்பினா கதவு திறக்கற பக்கம் மாறிடும். வெளியே திறக்கற கதவு உள்ளே திறக்கும். கதவைக் கழட்ட வேணாம், ஆசாரியக் கூப்பிட வேணாம்."

"சரி... உள்ளே ஆளு இருக்கறப்போ வெளியில இருந்து ஒருத்தன் திருப்பிட்டா?"



"தள்ளினா திறக்காது சார். இழுத்தாத்தான் திறக்கும். ஆனா..."

"ஆனா?"

"உள்பக்கம் கைப்பிடியே கிடையாது. வெறும் தகடுதான். தள்ளற கதவுக்குப் பிடி எதுக்குன்னு விட்டுட்டோம். உள் திசைச் சோதனை அடுத்த மாசம்தான். அப்பத்தான் பிடி மாட்டுவோம்."



இன்ஸ்பெக்டர் அந்த நகங்களை மறுபடி பார்த்தார்.

"தள்ளிப் பாத்திருக்கார். வரல. கீல் கம்பெனி முதலாளியாச்சே, புரிஞ்சிருக்கும்... இழுக்கணும்னு! பிடிக்க ஒண்ணும் இல்லாம விளிம்புல நகத்தை விட்டுப் பேத்திருக்கார். அடப்பாவி... ஒரு கைப்பிடி இருந்திருந்தா உயிரோட இருந்திருப்பான்யா!"

"நாலு ஸ்க்ரூ சார். மாட்ட ஆறு நிமிஷம்" என்றார் மீட்டர். சொல்லிவிட்டு அழுதார்.

"அழுகையை நிறுத்து. நீ வந்தப்போ குமிழ் எப்படி இருந்துச்சு?"

"உள் பக்கமா திரும்பி இருந்துச்சு சார். இழுத்தேன், வரல. குமிழைப் பாத்தேன். உள்ளே தள்ளினேன். ஏதோ முட்டுச்சு... முதலாளி தலை!"

"இப்போ கதவு வெளியேதானே திறக்குது?"

"நான்தான் திருப்பி வெச்சேன் சார்."

"என்னது! தடயத்தையே மாத்திட்டியா?"

"இன்னிக்கு ரெஜிஸ்டர்ல வெளித் திசைன்னு போட்டிருக்கு சார். எட்டரை மணிக்குள்ள கதவு ரெஜிஸ்டர்ல இருக்கற மாதிரி இருக்கணும். ஆனா எழுதிட்டுத்தான் மாத்தினேன்!"

பிணத்துக்குப் பக்கத்தில் நின்று கையெழுத்துப் போட்டிருக்கிறது இந்த ஜன்மம்!

ரெஜிஸ்டரை நீட்டினார். கதவுச் சட்டத்தில் இரண்டு எண்ணிப் பெட்டிகள் இருந்தன. ஒன்று வெளிப்பக்கம் திறப்பதை எண்ணும். இன்னொன்று உள்பக்கம். விரல் நுழைகிற அளவு திறந்தால்கூட எண்ணிவிடும்.

சனிக்கிழமை மாலை, உள்பக்கம்: பூஜ்யம்.

திங்கள் காலை, உள்பக்கம்: இரண்டு.

"நான் திறந்தது ஒரு தடவைதான் சார். இன்னொண்ணு என்னுது இல்ல!"

"கம்பெனிக்கு எத்தனை சாவி?"

"ரெண்டு. ஒண்ணு முதலாளி பையில இருக்கு. இன்னொண்ணு..."

"உன் பையில!"

மீட்டரின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

"ஐயா... ஓய்வுக்கு இன்னும் நூத்தி அறுபத்திரண்டு நாள்தான் இருக்கு. நான் எண்ணுவேனே தவிர எறும்பைக்கூடக் கொல்ல மாட்டேன்!"

"ஆயுள் தண்டனைக்கு எத்தனை நாள்னு எண்ணு. ஜெயில்ல பொழுது போகும்."

சொன்னாரே தவிர, இன்ஸ்பெக்டரின் கண் அந்த நசுங்கிய விரல்களை விட்டு நகரவில்லை.

மூடின கதவில் விரல் நுழைய இடம் கிடையாது.

அப்படியென்றால்... முதலாளி உயிரோடு இருக்கும்போதே யாரோ கதவைத் திறந்திருக்கிறார்கள். கொஞ்சமாக. அந்த மனிதன் தப்பித்தோம் என்று நினைத்து இடுக்கில் விரலை விட்டிருக்கிறான்.

மறுபடி மூடியிருக்கிறார்கள்!

 இன்ஸ்பெக்டர் இருபது வருட சர்வீஸில் எத்தனையோ கொலையைப் பார்த்தவர். இது மாதிரி ஒன்றைப் பார்த்ததில்லை.

"இதோ பாரு மீட்டர். குமிழ், விரல், எண்ணிக்கை... ஒரு வார்த்தை வெளியே போச்சு, உன்னைத்தான் முதல்ல உள்ளே போடுவேன்."

அப்போதுதான் வாசலில் அந்த அலறல் கேட்டது.

"ஐயோ... என்னங்க!"

முதலாளியின் மனைவி. இந்தக் கீலை வரைந்தவளும் அவளே. பதினோரு வருடம் ராத்திரி பகல் பார்க்காமல் வரைந்து, அழித்து, மறுபடி வரைந்தவள். கம்பெனியில் டிசைன் அம்மா என்பார்கள்.

அதற்குள் பிணத்தைத் தலையோடு கால் துணியால் மூடியிருந்தார்கள்.

"நேத்து மத்தியானம் சாம்பிளைப் பாத்துட்டு வரேன்னு தனியாத்தான் கிளம்பினார் சார். ராத்திரி வரல. எப்பவாவது ஃப்ரெண்டு வீட்டுல தங்கிடுவார்னு இருந்துட்டேன்..."

"நீங்க இங்கே வரலையா?"

"நான் வீட்டை விட்டு நகரவே இல்ல சார். என்ன ஆச்சு இவருக்கு?"

"மயங்கி விழுந்திருப்பார் போலம்மா. கதவெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"சொல்லக் கூடாது சார்... சனிக்கிழமை நாலு பேர் முன்னாடி மீட்டரைக் கன்னாபின்னான்னு திட்டினார். இன்னொரு சாவி அவர்கிட்டதான் இருக்கு."

மீட்டர் வாயைத் திறந்தார். இன்ஸ்பெக்டரின் ஒரு பார்வை அதை மூடியது.

மயக்கம் என்றுதானே இன்ஸ்பெக்டர் சொன்னார்? மயங்கி விழுந்தவனுக்கு இந்த அம்மா எதற்கு ஆள் காட்டுகிறாள்?

பிணம் ஆம்புலன்ஸில் ஏறியது. சூட்டறை காலியானது.

"அம்மா, ஒரே ஒரு உதவி. உங்க வீட்டுக்காரர் சாம்பிளை எங்கே நின்னு பாப்பார்? உள்ளே போய்க் காட்டுங்க."

அவள் தயங்கினாள். பிறகு கதவை இழுத்துத் திறந்து நுழைந்தாள்.

இரும்புக் கதவு தானாக மெல்ல மூடிக்கொண்டது.

இன்ஸ்பெக்டர் கண்ணைக் காட்ட, கான்ஸ்டபிள் சுவரிலிருந்த சுவிட்சைத் தட்டினார். சூடு இல்லை. காற்று விசிறி மட்டும். உர்ர்ர்ர்...

இன்ஸ்பெக்டர் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தார். பித்தளைக் குமிழை அவர் திருப்பவில்லை. பேனாவால் ஒரே ஒரு தட்டு.

டக்! குமிழ் திரும்பும்போது வருகிற அதே சத்தம்.

அவ்வளவுதான்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இந்த நெஞ்சு குறுகுறுக்கவில்லை. ஓலமிட்டது!

"சார்! என்ன பண்றீங்க? குமிழைத் தொடாதீங்க! சார்!"

கதவின் விளிம்பில் சர்ர்... சர்ர்... என்று நகம் பிறாண்டும் சத்தம்.

மீட்டர் வெளிப்பக்க எண்ணிப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அது நகரவில்லை.

"சார்... ஒரு தடவைகூடத் தள்ளிப் பாக்கல சார்!" என்று கிசுகிசுத்தார்.

"திறங்க! திருப்பி வைங்க! அவராவது நாப்பது நிமிஷம் தாங்கினார்... என்னால முடியாது! திறங்க!"

மீட்டரின் தலை சட்டென்று நிமிர்ந்தது.

அவர் முன்னால் யாராவது ஒரு எண்ணைச் சொன்னால், அது எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் விடமாட்டார்.

"நாப்பது நிமிஷமா? எந்த ரெஜிஸ்டர்லயும் இல்லையே சார்! வீட்டை விட்டு நகராத அம்மாவுக்கு யார் எண்ணிச் சொன்னா?"

இன்ஸ்பெக்டர் சிரித்தார். அது நல்ல சிரிப்பு இல்லை.

கான்ஸ்டபிள் பதறினார்.

"சார், கதவு சும்மாதான் மூடியிருக்கு... தள்ளுங்கன்னு சொல்லிடட்டுமா?"

"அவங்க டிசைன்யா. அவங்களே கண்டுபிடிக்கட்டும்."

மூன்று நிமிடம் விட்டார். மூன்று முழு நிமிடம். மீட்டர் எண்ணினார்.

பிறகு வெளிக் கைப்பிடியைப் பிடித்து, சுலபமாக இழுத்தார்.

டிசைன் அம்மா தரையில் கிடந்தாள். இரண்டு நகம் பெயர்ந்திருந்தது. தள்ளியிருந்தால் திறந்திருக்கக்கூடிய கதவைப் பார்த்தாள். பித்தளைக் குமிழைப் பார்த்தாள். அது வெளித் திசையிலேயே இருந்தது.

எல்லாம் புரிந்துவிட்டது அவளுக்கு.

"ஏம்மா? புருஷனாச்சே!" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவள் அழவில்லை.

"பதினோரு வருஷம் நான் வரைஞ்ச கீலு சார். அவர் பேர்ல பதிவு பண்ணிக்கிட்டார். சனிக்கிழமை வெளியூர்ல இருந்து வந்தவங்க, யார் டிசைன்னு கேட்டாங்க. நான்தான்னார். நான் பக்கத்துல தட்டோட நிக்கறேன். இவ டீ நல்லாப் போடுவான்னு சொன்னார். எல்லாரும் சிரிச்சாங்க..."

"சரி... நடுவுல எதுக்குக் கதவைத் திறந்தீங்க? பாவம் பாத்தா?"

"ஒரு கேள்வி கேக்கறதுக்கு. முப்பதாவது நிமிஷம் கொஞ்சமாத் திறந்தேன். விரலை விட்டுக்கிட்டு என்னைப் பாத்தார். 'இந்தக் கீலு யார் பண்ணினது? உண்மையைச் சொல்லுங்க, விட்டுடறேன்'னேன்."

"என்ன சொன்னார்?"

"'நான்தான்டி'ன்னார்."

இன்ஸ்பெக்டர் அந்தக் கதவு இடுக்கைப் பார்த்தார்.

"மூடிட்டேன்" என்றாள்.

அதற்கப்புறம் பத்து நிமிடம் தட்டிக்கொண்டிருந்தாராம். அவர் கூடவே வந்திருந்தவள், ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கேட்டுவிட்டு, சூட்டை அணைத்து, தானாகப் பூட்டிக்கொள்கிற வாசல் கதவைச் சாத்திவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாளாம்.

கான்ஸ்டபிள் இரண்டாம் முறை வெளியே ஓடினார்.

மீட்டர் காதிலிருந்த பென்சிலை எடுத்து ரெஜிஸ்டரில் குனிந்தார்.

"யோவ், இப்போ என்னய்யா எழுதறே?"

"வெளிப்பக்கம் ரெண்டு கூடியிருக்கு சார். அம்மா உள்ளே போனது ஒண்ணு, நீங்க இழுத்தது ஒண்ணு. யாரு எங்கே போனாலும் எண்ணிக்கை தப்பக் கூடாது."

"எழுது, எழுது. அந்தப் பழக்கம்தான்யா உன்னை இன்னிக்கு வீட்டுக்கு அனுப்புது."

டிசைன் அம்மாவைப் போலீஸ் வேனுக்கு நடத்திப் போனார்கள்.

வேன் கதவின் முன் நின்றாள். பிடியைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. தள்ளினாள். அசையவில்லை. கீல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தேடினாள்.

வாயைத் துடைத்துக்கொண்டு வந்த கான்ஸ்டபிள் கதவை ஒரே வீச்சில் பக்கவாட்டில் நகர்த்தினார்.

"வீணாத் தேடாதீங்கம்மா... இந்தக் கதவுக்குக் கீலே கிடையாது!"