நாற்பத்தோராம் நிமிடத்தில் ஒரு சீப்பு

ஏழாம் குமிழில் பெண் கேட்டு வருகிறவர்கள் சாதகம் கேட்பதில்லை. முகவழித் தாள் கேட்பார்கள்.

செவ்வாயின் கண்ணாடிக் குமிழ்களுக்குள் திருநெல்வேலிக்காரர்கள் குடியேறி நாற்பது ஆண்டுகளாகிவிட்டன. பூமியில் விட்டுவந்ததில் பாதி மறந்துபோயிற்று. சம்பந்தம் பேசும் முன் குடும்பத்தை விசாரிப்பது மட்டும் மறக்கவில்லை. அதற்காகவே முகவழிப் பொறி வந்தது. காலையில் வெறும் வயிற்றோடு பெண்ணையும் தகப்பனாரையும் அதன் முன் உட்கார வைப்பார்கள். பொறி கன்னத்தெலும்பையும் புருவ வளைவையும் அளந்துகொண்டு, மனிதன் இதுவரை எடுத்த அத்தனை படங்களிலும் அந்த இரத்தத்தைத் தேடும். கல்யாண வீடியோ, கடைத்தெருக் கேமரா, சினிமா எதையும் விடாது. மூன்று தலைமுறை உறவுகள் எங்கே, எப்போது, என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று அச்சிட்டுத் தந்துவிடும். பெரியப்பா ஒருவர் என்றைக்கோ பேருந்து நிலையச் சுவரோரம் ஒதுங்கியது தாளில் ஏறியதால், ஆறாம் குமிழில் ஒரு நிச்சயம் நின்றே போயிருக்கிறது.

பிரமநாயகம் கவலையில்லாமல்தான் பொறியின் முன் உட்கார்ந்தார். எழுபது வயது. முதுகு நாற்காலியில் படாமல் உட்காரும் பழக்கம். குமிழின் காற்றழுத்தக் கண்காணிப்பாளராக அவர் இருந்த முப்பது ஆண்டில் ஒரு கசிவு கிடையாது. குடும்பமும் அப்படித்தான் என்பது அவர் எண்ணம்.

தாளின் கடைசி வரியை மகள் ஆவுடைதான் முதலில் படித்தாள்.

“‘சங்கரவடிவு. தந்தையின் உடன்பிறந்தவள். பூட்டாத கூடம் திரைப்படம், நாற்பத்தோராம் நிமிடம். மனநோய் விடுதியில் நோயாளி, நடிப்பு அன்று.’ யாருப்பா இது? ஒங்களுக்கு அக்கா உண்டா?”

“ஒருத்தி இருந்தா. சின்னதுலயே காய்ச்சல்ல போயிட்டா. இது வேற யாரோ. மெஷினுக்குக் கண்ணு மங்கிட்டு.”

“அது பூட்டாத கூடம்பா! நானும் கைலாசமும் எத்தன தடவ பாத்திருக்கோம்...”

“பாத்தது போதும். தாள இங்க கொடு.”

கைலாசம்தான் மாப்பிள்ளை. அவன் தகப்பனார் தாணுமாலயன் முகவழித் தாளை இரண்டு முறை படிக்கிற மனிதர் என்று பேர். ஐந்து நாளில் இரு வீட்டாரும் தாள் மாற்றிக்கொள்ள வேண்டும். முப்பத்து நான்கு வயதில் மகளுக்குப் பிடித்து அமைந்த இடம். இந்த ஒரு வரியோடு அந்தத் தாள் அவர் வீட்டுப் படியேறினால் எல்லாம் முடிந்தது.

வடிவக்காவை மனநோய் விடுதிக்குக் கூட்டிக்கொண்டு போனபோது பிரமநாயகத்துக்குப் பத்து வயது. யார் கேட்டாலும் காய்ச்சல் என்று சொல்ல வேண்டும் என்று அப்பா சொல்லிக்கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் அவன் தடுமாறாமல் சொன்னான். அதன் பிறகு, நடந்ததே அதுதான் என்று ஆகிவிட்டது.

மறுநாள் காலை அவர் படக் காப்பகத்துக்குப் போனார். மிக நெருங்கிய இரத்த உறவு கேட்டால், ஒருவரை எந்தப் படத்திலிருந்தும் நீக்கலாம், பிறகு தாளிலும் அந்த வரி வராது என்று சட்டம் இருக்கிறது. நிபந்தனை ஒன்றுதான். மனுதாரர் அந்தக் காட்சியைத் தம் கண்ணால் பார்த்து, இவர் எனக்கு இன்னார் என்று வாயால் சொல்ல வேண்டும்.

காப்பாளர் கோமதிக்கு ஐம்பது வயதிருக்கும். மனுவைப் படித்ததும் அவள் முகம் சுருங்கியது.

“நாப்பத்தோராம் நிமிசமா? அந்தச் சீப்புக்காரம்மாவா?” என்றாள். “படத்தப் பாத்திருக்கீங்களா?”

“பைத்தியக்காரப் படமெல்லாம் நான் பாக்கதில்ல.”

“இருங்க. மொதல்ல இருந்து போடுதேன். அப்பதான் வெளங்கும்.”

திரையில் நீண்ட கூடம் ஒன்று வந்தது. வரிசையாகக் கட்டில்கள், எல்லாம் காலி. மருத்துவர் ஒருவர் காலிக் கட்டிலின் அருகே குனிந்து, “நேத்து ராத்திரி தூங்கினியா?” என்று அன்பாகக் கேட்டார். பதிலைக் கேட்டுக்கொண்டவர் போலத் தலையசைத்தார். சோற்றுத் தட்டுகள் இடுப்புயரத்தில் மிதந்து வரிசையில் நின்றன. ஒரு போர்வை தன்னைத்தானே மடித்துக்கொண்டது. ஊஞ்சல் ஆளில்லாமல் ஆடிற்று. அதைத் தள்ளிவிட்ட தாதி யாரையோ பார்த்துச் சிரித்தாள். பிரமநாயகம் திரையிலிருந்து பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

“எடுத்தவன் யாரு? அவனுக்கே வைத்தியம் பாக்கணும் போலிருக்கே.”

“அவரு இப்பிடி எடுக்கல சார். அது சாதாரண பேய்ப்படம். நடிக்க ஆள் அமையாம, நெசமான ஆஸ்பத்திரிக்கே போய், அங்க இருந்த பொம்பளைங்களையே வச்சு எடுத்திருக்காரு. நாப்பத்திரெண்டு பேரு. வந்தப்போ ஒரு வாரங்கூட ஓடலியாம். அப்புறம்தான் முகவழி வந்துது. ஒவ்வொரு குடும்பமா மனுவத் தூக்கிட்டு வந்தாங்க. ஆளும் உடுப்பும் போயிரும். கையில இருக்க சாமான் ரத்த சம்பந்தம் இல்லல்லா, அதச் சட்டம் தொடாது. ஆள் கொறையக் கொறையக் கொட்டகையில கூட்டம் கூடிச்சு. கற்பனைய பாருங்கிறாங்க. கவிதைங்கிறாங்க. ஆஸ்பத்திரி நோயாளி மாதிரி வெள்ளக் கவுன் போட்டுக்கிட்டு வாராவாரம் போய் உக்காருதாங்க.”

“ஒருத்தர்கூட மிச்சமில்லையா?”

“ஒருத்தி இருக்கா. யாருமே கேட்டு வரல. நாதியத்தவன்னு நெனச்சுக்கிட்டேன்.” கோமதி அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. “அவ வரும்போது கொட்டகையே எந்திரிச்சு நின்னு ‘வாங்கக்கா’ன்னு சொல்லும். இங்க தனியா உக்காந்து பாக்கையில நானுஞ் சொல்லுவேன்.”

நாற்பத்தோராம் நிமிடம் வந்தது. சன்னலோரம், அத்தனை காலிக் கட்டில்களுக்கும் நடுவே, ஒரே ஒரு பெண் நின்றிருந்தாள். கையில் மரச்சீப்பு. முன்னால் ஒரு வெற்று நாற்காலி. நாற்காலியில் இல்லாத ஒரு தலையை அவள் பொறுமையாக வாரிக்கொண்டிருந்தாள். சிக்கு வந்த இடத்தில் நிறுத்தி, சீப்பை உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டிவிட்டு, மறுபடி வாரினாள்.

அந்த இரண்டு தட்டு. பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும் பையனின் தலையைத் தண்ணீர் தொட்டு வாரும்போதும் அப்படித்தான் தட்டுவாள். “ஆடாதல, கோணவகிடு விழுந்துரும்.”

“நாற்காலியில இருந்தது யாரு?” என்றார்.

“சொல்லக்கூடாது சார், சட்டம். நாலு நாளைக்கு முந்தி வரைக்கும் இருந்தாங்க. இந்தக் காட்சி முழுக்க இவ அவங்களுக்கு வாரிவிடுவா, அவங்க இவளுக்கு ஊட்டிவிடுவாங்க. அவங்க போனதுல இருந்து இவ ஒருத்தியாத்தான் நிக்கா.”

“இன்னொரு தடவ போடுங்க.”

போட்டாள். வாரி முடித்த அந்தப் பெண் நிமிர்ந்து நேராகக் கேமராவைப் பார்த்தாள். யாராவது வந்திருக்கிறார்களா என்று பார்ப்பது போலிருந்தது.

பிரமநாயகம் எழுந்து நின்றார். சட்டையைச் சரிசெய்துகொண்டார். “இவ... எங்கக்கா” என்றார். அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு அந்தச் சொல்லைச் சொன்னார். சொன்ன வாயோடு நீக்கல் மனுவில் கையெழுத்தும் போட்டார். குடும்பத் தலைவன் செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று. வீட்டுக்கு வந்து வெகுநேரம் கண்ணாடி முன் நின்று, இருக்கிற நாலு முடியை வாரிக்கொண்டிருந்தார். சீப்பை ஏன் உள்ளங்கையில் தட்டினோம் என்று அவருக்கே தெரியவில்லை.

நிச்சயத்தன்று தாள்கள் கைமாறின. தாணுமாலயன் கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு முறை படித்தார்.

“சுத்தமான குடும்பம் அண்ணாச்சி. ஒரு புள்ளி கெடையாது.”

“ஒங்க பக்கமும் அப்பிடித்தானே அண்ணாச்சி.”

அன்று மாலை பிள்ளைகள் இருவரும் பெரியவர்களைப் படத்துக்கு அழைக்காமல் விடவில்லை. அவர்கள் முதன்முதலில் பேசிக்கொண்டது அந்தக் கொட்டகை வாசலில்தானாம். சம்பந்தி இருவரும் ஒரே சமயத்தில் தலைவலி என்றார்கள். கைலாசம் சிரித்தான். “ரெண்டு பேருக்கும் ஒரே வலியா? அப்ப கட்டாயம் வரணும். அங்க நல்ல டாக்டர் இருக்காரு, ஆளில்லாட்டாலும் வைத்தியம் பாப்பாரு.” வேறு வழியில்லை, போனார்கள்.

கொட்டகையில் முந்நூறு பேர், எல்லாரும் வெள்ளைக் கவுன். நாற்பத்தோராம் நிமிடம் நெருங்கியதும் வழக்கம்போல எல்லாரும் எழுந்தார்கள். உட்கார்ந்திருப்பது மரியாதையாகாது என்று பிரமநாயகமும் எழுந்தார்.

“வாங்கக்கா!” என்றது கொட்டகை.

“வாக்கா” என்றது அவர் வாய். முந்நூறு குரலில் அது யாருக்கும் கேட்கவில்லை.

சன்னலோரம் யாரும் இல்லை. ஒரு மரச்சீப்பு மட்டும் அந்தரத்தில் இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. ஒரு கணம் நின்றது. காற்றில் இரண்டு தட்டு தட்டியது. மறுபடி வாரியது.

 கூரை அதிரும்படி கைதட்டல் எழுந்தது. புதிய பதிப்பு அற்புதம் என்று சிலர் அழுதேவிட்டார்கள்.

எல்லார் கண்ணும் சீப்பின் மேல் இருந்தது. பக்கத்தில் நின்ற தாணுமாலயன் மட்டும் அதைப் பார்க்கவில்லை. கீழே, அந்த வெற்று நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். “சித்தி” என்று அவர் உதடு அசைந்ததைப் பிரமநாயகம் பார்த்துவிட்டார். கோமதி சொன்ன நாலு நாள் கணக்கு நினைவுக்கு வந்தது. தாணுமாலயனும் திரும்பினார், ஈரமாயிருந்த பிரமநாயகத்தின் கண்ணைப் பார்த்தார், அந்தச் சீப்பைப் பார்த்தார். 

“எந்தக் குடும்பத்துல பொறந்தானோ இந்த டைரக்டர்!” கைலாசம் கைதட்டிக்கொண்டே சொன்னான். “மண்டையில கொஞ்சமாச்சும் கோளாறு இல்லாம இப்பிடித் தோணுமா மாமா?”

தாணுமாலயன் தொண்டையைச் செருமிக்கொண்டார். “நல்ல குடும்பத்துல இப்பிடி ஒண்ணு பொறக்குமா?”

“பொறக்காது அண்ணாச்சி” என்றார் பிரமநாயகம்.

இருவரும் உட்கார்ந்தார்கள். முதுகு நாற்காலியில் படாமல், கூட்டத்தோடு சேர்ந்து கைதட்டினார்கள்.